பிழையனுக்கு ஐந்துக்கு இரண்டு

எங்கேயோ பார்த்த முகமாக இருக்கிறது என்கிறீர்கள். தாராளமாக உற்றுப் பாருங்கள் சார், எனக்குக் கூச்சமில்லை. கொஞ்ச நாளாக எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள். இன்று காலை திண்டுக்கல் ஸ்டேஷனில் டீ வாங்கினேன். டீக்காரர் டம்ளரை நீட்டியவர் நீட்டியபடியே நிற்கிறார். "அண்ணே, உங்களை டிவில பாத்திருக்கேன்" என்றார். நான் டிவியில் வந்ததே இல்லை. என் எழுத்துதான் வந்திருக்கிறது, அதுவும் இணையத்தில். ஆனால் எழுத்துக்கும் ஒரு முகம் உண்டு இல்லையா? படிக்கிறவர் மனதுக்குள் எழுதியவரை வரைந்துகொள்கிறார். அந்த ஆளும் நானும் ஒத்துப்போகிறோம் போலிருக்கிறது. வேறு என்ன காரணம் இருக்க முடியும், நீங்களே சொல்லுங்கள்.

என் பெயர் சிதம்பரநாதன். அது சொன்னால் தெரியாது. 'உள்ளபடி' என்றால் தெரியலாம். திரை விமர்சனம் எழுதுகிறேன், அந்தப் பெயரில். தெரியாதா? சரி, பரவாயில்லை. பிழைப்புக்கு ஒரு நூல் மில்லில் தரக் கட்டுப்பாடு பார்க்கிறேன். கறுப்புப் பலகையில் நூலைச் சுற்றி வெளிச்சத்தில் பிடித்தால் எங்கே தடித்திருக்கிறது, எங்கே மெலிந்திருக்கிறது, எங்கே பிசிறு என்று எல்லாம் தெரிந்துவிடும். இப்போது அதற்கெல்லாம் மிஷின் வந்துவிட்டது. மிஷின் சரி என்று சொன்ன பிறகு நான் ஒருமுறை பார்ப்பேன். மிஷினிலேயே இரண்டு குறை கண்டுபிடித்திருக்கிறேன்.

கடைசியாக எழுதியது 'சுடரி' தொடரின் இறுதி அத்தியாயத்தைப் பற்றி. பார்த்தீர்களா, சுடரி என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டீர்கள். உங்கள் வீட்டிலும் பார்க்கிறார்களா? நீங்களும் கூட உட்கார்ந்து பார்த்தீர்களா? ஓ. அதற்கு ஏன் சார் வாயைப் பொத்திக்கொள்கிறீர்கள்? பெரியவர்கள் கார்ட்டூன் பார்ப்பது வெட்கப்படுகிற விஷயம் இல்லை. நானே பார்த்தேன். ஒரு அத்தியாயத்தை மூன்று முறை பார்ப்பது என் வழக்கம். ஒருமுறை கதைக்கு, ஒருமுறை சத்தத்தை அணைத்துவிட்டு, ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு.

பார்த்தவருக்குக் கதை சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் சொல்லிவிடுகிறேன், நான் எதையும் பாதியில் ஆரம்பிக்கிறவன் இல்லை. சுடரி உப்பளத்தில் வேலை செய்கிற பெண். ஆபத்து என்றால் உள்ளங்கையில் வெளிச்சம் வரும், பறப்பாள், மலையைக்கூடத் தூக்குவாள். அவளுக்கு எதிரி பிழையன். அவனுக்குப் பறக்க வராது, தூக்க வராது. அவனிடம் இருப்பது ஒன்றுதான். எதைப் பார்த்தாலும் அதிலுள்ள குறை கண்ணில் பட்டுவிடும். சுவரைப் பார்த்தால் எந்தச் செங்கல் இளகியிருக்கிறது என்று தெரியும். ஒரு விரலை நீட்டி அந்த இடத்தைக் காட்டுவான், சுவர் விழுந்துவிடும். மேடையில் பாடுகிற ஒரு பெண்ணைப் பார்த்து ஒரு விரல் நீட்டினான், நான்காவது அத்தியாயத்தில். அதற்கப்புறம் அவளுக்குப் பாடவே வரவில்லை.

நல்ல கற்பனைதான். ஆனால் ஒரு மனிதன் அப்படி இருப்பானா? பார்க்கிற இடமெல்லாம் குறை மட்டுமே பார்த்துக்கொண்டு? ம்க்கும், ம்க்கும். மன்னியுங்கள், ஜன்னல் காற்று. அப்படி ஒருத்தன் வீட்டில் இருந்தால் பெண்டாட்டி பிள்ளைகள் எப்படிக் குடித்தனம் நடத்துவார்கள்? முதல் அத்தியாயத்திலிருந்தே இந்தச் சந்தேகம் எனக்கு உண்டு.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. சுடரி என் மகள் வேலை செய்கிற தொடர். நித்திலா. ஒரே மகள். சென்னையில் அனிமேஷன் கம்பெனியில் இருக்கிறாள். முதலில் வரைகிறவளாகத்தான் சேர்ந்தாள். பிறகு படிப்படியாக வந்து, இந்தக் கடைசி அத்தியாயத்தை இயக்கியதே அவள்தான். இப்போது புரிகிறதா என் நிலைமை? ஒரு விமர்சகன், தன் மகள் இயக்கியதைப் பற்றி எழுதலாமா? நான் என்னையே கேட்டுக்கொண்டேன். என்னை நானே கேள்வி கேட்டுக்கொள்வதில் எனக்கு இணை கிடையாது சார். குளிக்கும்போது, மில்லுக்கு நடந்து போகும்போது, எப்போதும் ஏதாவது ஒரு கேள்வி. எழுதாமல் விட்டால் பயந்துவிட்டான் என்பார்கள். புகழ்ந்து எழுதினால் மகளுக்காக எழுதினான் என்பார்கள். கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தேன். நேர்மையாக மதிப்பெண் போட்டேன். ஐந்துக்கு இரண்டரை வந்தது. மகள் என்பதால் அதில் அரையைக் குறைத்துவிட்டேன்.

சிரிக்காதீர்கள். நடுநிலை என்றால் அதுதான்.

அவள் என் மேல் எவ்வளவு பாசமாக இருந்தவள் தெரியுமா? போன பொங்கலுக்கு வந்திருந்தாள். வந்ததிலிருந்து போனைத் தூக்கிக்கொண்டு என் பின்னாலேயே சுற்றினாள்.

"அப்பா, மாடிப்படி இறங்குங்க."

"எதுக்கு?"

"சும்மா இறங்குங்கப்பா. பின்னாடி கையக் கட்டிக்கிட்டு."

இறங்கினேன்.

"இப்ப கண்ணாடியத் தொடைங்க. சட்டை நுனியில தொடைப்பீங்கள்ல, அந்த மாதிரி."

"நான் எப்ப சட்டையில தொடைச்சேன்? அதுக்குன்னு துணி குடுத்திருக்கான்."

அடுப்படியிலிருந்து அவள் அம்மா குரல் கொடுத்தாள். "அந்தத் துணி வாங்குன நாள்ல இருந்து டப்பாக்குள்ள புதுசா இருக்கு."

அவள் அம்மா பெயர் செண்பகம். நடுவில் புகுந்து பேசுவது அவளுக்கு வழக்கம்.

"சரிப்பா, இப்ப ஏதாவது குறை சொல்லுங்க" என்றாள் நித்திலா.

"எதுல?"

"எதுலயாச்சும்."

"நீ போனப் பிடிச்சிருக்கறதே தப்பு. கை ஆடுது. வெளிச்சத்துக்கு எதுத்தாப்ல நின்னு எடுத்தா மூஞ்சி எப்படித் தெரியும்? இந்தப் பக்கம் வா."

"சூப்பர்பா! அப்படியே! அந்த விரல எறக்கிராதீங்க!"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. கேட்டதற்கு, வேலைக்குத்தான் என்றாள். அவர்கள் தொழிலில் அது வழக்கமாம். ஒரு பாத்திரம் எப்படி நடக்கும், எப்படி உட்காரும் என்று தெரிய, நிஜ மனிதர்களை நடக்கச் சொல்லிப் படம் எடுத்து வைத்துக்கொண்டு அதைப் பார்த்துப் பார்த்து வரைவார்களாம். அப்படியானால் என் நடையையும் யாருக்கோ கொடுக்கப்போகிறாள். யாருக்கு என்று அவள் சொல்லவில்லை. தொடர் வந்ததும் எனக்கே தெரிந்துவிட்டது. ஆணையர் அறவாழி! போலீஸ் கமிஷனராக வருவாரே, உயரமாக, நிமிர்ந்த முதுகோடு, அதிகம் பேசாமல், பேசினால் எல்லோரும் கேட்கிற மாதிரி. அந்தக் கண்ணியத்தைப் பார்த்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. "செண்பகம், இது யாருன்னு தெரியுதா?" என்றேன். அவளுக்குப் புரை ஏறி, காபி மூக்கு வழியாக வந்துவிட்டது. உணர்ச்சிவசப்பட்டுவிட்டாள்.

நீங்களும் தண்ணீர் குடிக்கிறீர்களா? குடியுங்கள், குடியுங்கள்.

இறுதி அத்தியாயம் வருகிற அன்று நித்திலா போன் செய்தாள். "அப்பா, இன்னைக்குப் பாருங்க. எழுதாதீங்க. சும்மா உக்காந்து பாருங்க." பார்க்காமல் எப்படி எழுதுவேன், அதை ஒரு தனிச் செய்தியாகச் சொல்ல வேண்டுமா என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தக் கடைசிக் காட்சி ஞாபகம் இருக்கிறதா? கடல் நடுவே ரயில் பாலம். பிழையன் ஒரு விரல் காட்டியதில் ஒரு தூண் போய்விட்டது. பாலத்தின் மேல் ரயில், ரயில் நிறைய ஜனங்கள். சுடரி கீழே புகுந்து இரண்டு கையாலும் பாலத்தைத் தாங்கிக்கொண்டிருக்கிறாள். உள்ளங்கை வெளிச்சம் மங்கிக்கொண்டே வருகிறது. அப்போது பிழையன் தூண்களின் அடியிலுள்ள கல் திட்டு வழியாக, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கொஞ்சம் கூன் போட்டு நடந்து வருகிறான். தொண்டையை இரண்டு முறை செருமுகிறான். கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, மாட்டிக்கொண்டு, அவளை அண்ணாந்து பார்க்கிறான். விரல் எழுகிறது. அவ்வளவுதான், இவள் முடிந்தாள் என்று நினைக்கிறோம். அவன் சொல்கிறான்: "இடது தோளைக் கீழே இறக்கு. பாரம் தப்பான இடத்தில் விழுகிறது."

அவள் இறக்குகிறாள். பாலம் நின்றுவிடுகிறது. வெளிச்சம் திரும்ப வருகிறது.

அவன் திரும்பிப் போகத் தொடங்குகிறான். சுடரி கேட்கிறாள்: "நான் நல்லாப் பண்ணினேனா?" அவன் நிற்கிறான். திரும்பவில்லை. பக்கவாட்டில் அவன் முகம் மட்டும் தெரிகிறது. வாய் திறக்கிறது, உதடு அசைகிறது. சத்தம் வரவில்லை. பிறகு நேராக நடந்து போய்விடுகிறான். முற்றும்.

எங்கள் வீட்டில் செண்பகம் முதல் பாதியில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். கடைசியில் அதே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். ஒரே படத்துக்கு இரண்டும் செய்கிற ரசிகரை வைத்துக்கொண்டு எந்த முடிவுக்கும் வர முடியாது. நான் ரிமோட்டை வாங்கி, சத்தத்தை அணைத்து, முதலிலிருந்து போட்டேன். நடுவில் நித்திலா கூப்பிட்டாள்.

"பாத்தீங்களாப்பா?"

"பாத்துக்கிட்டிருக்கேன். ரெண்டாவது சுற்று."

"என்ன தோணுச்சு?"

"நாளைக்குக் காலைல வரும். படி."

நான் கண்ணை மூடிக்கொண்டு மூன்றாவது சுற்று கேட்க வேண்டியிருந்ததால் வைத்துவிட்டேன்.

என்ன எழுதினேன் என்றுதானே கேட்கிறீர்கள்? முக்கியமான இடத்தை மட்டும் சொல்கிறேன், மனப்பாடமாகவே இருக்கிறது. 'பிழையன் என்ற பாத்திரத்தில் ரத்தமும் சதையும் இல்லை. இப்படி நடக்கிற, இப்படிச் செருமுகிற, சட்டையில் கண்ணாடி துடைக்கிற மனிதனை நாம் யாரும் நேரில் கண்டதில்லை. இயக்குநர் வீட்டை விட்டு வெளியே வந்து மனிதர்களைக் கவனிக்க வேண்டும். ஒருத்தி உயிரைக் கொடுத்துப் பாலத்தைத் தாங்கும் நேரத்தில், அவள் தோள் கோணலாக இருக்கிறது என்று திருத்துகிறவன் உலகத்தில் உண்டா? இறுதியில் அவன் சொல்ல வந்ததைச் சொல்லாமலே முடித்திருப்பது கதையில் விழுந்த பெரிய ஓட்டை. ஆணையர் அறவாழி மட்டும் மனதில் நிற்கிறார்.'

நன்றாக இருக்கிறதா? மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்களே. அங்கே என்ன, வயல்தானே.

சொன்னால் நம்பமாட்டீர்கள், நான் எழுதியதிலேயே அதிகம் பேர் படித்தது அதுதான். கீழே கருத்து எழுதியவர்களில் ஒருத்தர், 'இத எழுதினது பிழையனேதான்' என்று போட்டிருந்தார். அதற்குச் சிரிப்புப் பொம்மைகளாகக் குவிந்துவிட்டன. 'நன்றி. விமர்சகன் பாத்திரத்தோடு கலந்துவிட வேண்டும்' என்று பதில் போட்டேன். அதற்கு இன்னும் சிரித்தார்கள். மில்லில் அதைவிட. உள்ளே நுழைந்தாலே, "வாங்க பிழையன் சார்." அருளப்பன் என்று ஸ்டோரில் ஒருத்தர் இருக்கிறார், என் வயதுக்காரர், கேன்டீனில் என் தட்டுக்கு எதிரே வந்து உட்கார்ந்துகொண்டு, "சார், இந்த சாம்பார்ல ஒரு விரல் காட்டுங்க. மாஸ்டர் சட்டியோட கீழ விழட்டும்" என்கிறார். புதிதாகச் சேர்ந்த பெண்கள் என்னைப் பார்த்ததும் நூல்கண்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு ஓடுகிறார்கள். எங்கள் லேப் கதவில் பிழையன் படத்தை ஒட்டிவிட்டார்கள். ஒரு விமர்சனத்தை இவ்வளவு பேர் கொண்டாடி நான் பார்த்ததில்லை. படம் கொஞ்சம் கோணலாக ஒட்டியிருந்தார்கள். நான்தான் சரிசெய்தேன்.

ஆனால் நித்திலா பேசவில்லை.

ஒரு மாதம் ஆகப்போகிறது சார். போன் அடித்தால் எடுப்பதில்லை. அம்மாவோடு பேசுகிறாள். நான் பக்கத்தில் போனால் செண்பகம் போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடுகிறாள். விமர்சனம் வந்த அன்று என்ன சொன்னாள் என்று கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லல. அழுதா. அப்புறம் சிரிச்சா. அப்புறம் வெச்சுட்டா."

"ரெண்டு மார்க்குக்கா அழுதா?"

"ஆமா, ரெண்டு மார்க்குக்குத்தான்" என்று சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையை என்னால் இன்னும் தரம் பிரிக்க முடியவில்லை.

நான் யோசிக்காமல் இல்லை. சிதம்பரநாதா, நீ செய்தது சரியா, இரண்டரையை இரண்டரையாகவே விட்டிருக்கலாமோ என்று கேட்டுக்கொண்டேன். அரையைக் குறைத்தது நடுநிலை, ஆனால் முழுதாக ஒன்று குறைக்காமல் விட்டது தயவு, அந்தத் தயவாவது அவளுக்குத் தெரிய வேண்டாமா என்று நினைத்தேன். பிறகு ஒருநாள் செண்பகம் ஒரு விஷயம் சொன்னாள். அந்தக் கம்பெனியில் எல்லோரும் பிழையனைக் கடலில் தள்ளிக் கொன்றுவிடலாம் என்றுதான் சொன்னார்களாம். நித்திலா ஒருத்திதான் முடியாது என்று நின்றாளாம். அவன் கெட்டவன் இல்லை, அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை, அவ்வளவுதான் என்று சண்டை போட்டாளாம். ஒரு கார்ட்டூன் கெட்டவனுக்காக இவ்வளவு சண்டையா? வேலை போயிருந்தால்?

நேற்று செண்பகமே பையைக் கட்டி வைத்துவிட்டாள்.

"போயிப் பாத்துட்டு வாங்க. நான் வரல. நீங்க தனியாப் போங்க."

"என் போனையே எடுக்கமாட்டேங்குறா, கதவத் தொறப்பாளா?"

"அவ ஒண்ணு கேக்கச் சொன்னா. அத யோசிச்சுக்கிட்டே போங்க. அந்தாளு கடைசியில வாயத் தொறந்து என்னமோ சொல்ல வந்தான்ல. என்ன சொல்ல வந்தான்?"

"அத இயக்குநரத்தான் கேக்கணும்."

"இயக்குநருதான் உங்களக் கேக்குறா."

தொடரின் அடுத்த சீசன் எழுதத் தொடங்கிவிட்டார்களாம். அது இந்த இடத்திலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டுமாம். அதற்கு அவளுக்குப் பதில் கிடைக்கவில்லையாம். பதில் கிடைக்காத கேள்வியை வைத்துக்கொண்டு ஏன் படத்தை முடித்தாள் என்றுதான் நானும் எழுதினேன். சரி, மகள் கேட்டுவிட்டாள். திண்டுக்கல்லில் ஏறியதிலிருந்து அதைத்தான் யோசித்துக்கொண்டு வருகிறேன். இரண்டு பதில் தயார். ஒன்று, 'பக்கத்துத் தூணிலும் விரிசல் இருக்கிறது, பார்த்துக்கொள்' என்று சொல்லியிருப்பான். இல்லையென்றால், 'இதை முன்னாலேயே செய்திருந்தால் இவ்வளவு கஷ்டம் இல்லை.' எது பரவாயில்லை?

இரண்டும் வேண்டாமா? தலையை இவ்வளவு வேகமாக ஆட்டுகிறீர்களே.

அந்தக் காட்சியை நீங்கள் இன்னொரு முறை பார்க்க வேண்டுமா? இதோ, போனில் இறக்கி வைத்திருக்கிறேன். இயர்போனில் ஒன்றை நீங்கள் காதில் வைத்துக்கொள்ளுங்கள், ஒன்று எனக்கு. ம். வருகிறான் பாருங்கள். செருமுகிறான். கண்ணாடி. படத்தைப் பாருங்கள் சார், என்னை ஏன் பார்க்கிறீர்கள்? படத்தை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை, இப்படிப் பார்த்தால் எதுவும் மனதில் நிற்காது. இப்போது சுடரி கேட்கப்போகிறாள். கேட்டுவிட்டாள். அவ்வளவுதான். முடிந்தது.

இருங்கள். நான் ஒன்று கவனித்தேன். இந்த முறை நான் படத்தைப் பார்க்கவே இல்லை. உங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருஷம் விமர்சனம் எழுதி, படம் பார்க்கிறவர் முகத்தை நான் பார்த்ததே இல்லை. அவன் தோளைத் திருத்தியபோது உங்கள் முகம் மலர்ந்தது. வாயைத் திறந்து பேசாமல் நின்றபோதுகூட மலர்ந்துதான் இருந்தது. அவன் திரும்பாமல் நடந்தான் பாருங்கள், அப்போது சுருங்கிவிட்டது. அப்படியென்றால் தவறு அங்கேதான் இருக்கிறது. நான் எழுதிய இடத்தில் இல்லை. இவ்வளவு நாள் தப்பான இடத்தில் கை வைத்துவிட்டேன்.

அவளிடம் இப்போதே சொல்ல வேண்டும். நேரில் போகிற வரைக்கும் தாங்காது. எடுக்கமாட்டாள். அடிக்கிறது. எடுக்கமாட்டாள், நான் சொல்கிறேன் பாருங்கள், எடுக்க...

"நித்திலா? அப்பாதான். ரயில்லதான் இருக்கேன். சாப்பிட்டேன், சாப்பிட்டேன். இரு, வெச்சுராத. ஒரு குறை சொல்லணும். ஆமா, இன்னும் ஒண்ணு. ஒண்ணே ஒண்ணுதான், கேட்டுட்டு வெச்சுரு.

"அவன் என்ன சொல்ல வந்தான்னு கேட்டியாம்ல. அவன் ஒண்ணும் சொல்லமாட்டான்மா. அந்த மாதிரி ஆளுக்கு அந்த எடத்துல வாய் வராது. தொண்டை வரைக்கும் வரும், நின்னுரும். அது நீ சரியாத்தான் போட்டிருக்க. நான்தான் ஓட்டைன்னு எழுதிட்டேன். ஆனா அப்புறம் நேரா நடந்து போறான் பாரு, அது தப்பு. அவன் போகமாட்டான். போற மாதிரி போயி, ஒரு தூணுக்குப் பின்னால நின்னுருப்பான். அவ பாலத்த எறக்கி வெச்சு, ஜனங்க எல்லாரும் எறங்கி, அவ பத்திரமாக் கரைக்குப் போற வரைக்கும் நின்னு பாத்துட்டுத்தான் போவான். அத நீ வரையல. அதான் குறை.

"எப்படித் தெரியுமா? இது என்ன கேள்வி? நீ மொதமொதல்ல மெட்ராசுக்கு பஸ் ஏறினப்ப, ஜன்னல் சீட்டாக் கேட்டு வாங்கத் தெரியலையான்னு உன்னத் திட்டிட்டு நான் பாட்டுக்குப் போயிட்டேன்னுதான நெனச்ச? கரும்புச்சாறு கடைக்குப் பின்னால நின்னேன். பஸ் வெளிய போயித் திரும்பற வரைக்கும் நின்னேன். நீ கண்ணத் தொடைச்சதையும் பாத்தேன். ஒரு உதாரணத்துக்குச் சொல்றேன். அவனுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம், ஒரு உதாரணத்துக்கு.

"ஹலோ? நித்திலா? ஹலோ?"

சிக்னல் போய்விட்டது போல. இல்லையே, கோடெல்லாம் முழுசாக இருக்கிறதே.

"ஹலோ. ஆங், இருக்கியா? என்ன, குரல் ஒரு மாதிரி இருக்கு? ஜலதோஷமா? ஏசிக்கு நேரா உக்காராதன்னு எத்தன தடவ... சரி. சரிம்மா, சொல்லல. என்னது? எடது பக்கம். கடைக்கு எடது பக்கம், தட்டி கட்டியிருந்தான்ல, அதுக்குப் பின்னால. கோச்சா? டி ஏழு. நீ எதுக்கு இந்த வெயில்ல... சரி. வா. வா."

வைத்துவிட்டாள். வருகிறாளாம்.

பேசிவிட்டாள் சார். ஒரு குறை சொன்னதும் பேசிவிட்டாள். இது தெரிந்திருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன். கரும்புச்சாறு கடைக்கு எந்தப் பக்கம் நின்றீர்கள் என்று கேட்டாள், அதைத்தான் சொன்னேன். வரைய வேண்டுமாம்.

அதை எதற்கு வரைய வேண்டும்?

கடல் நடுவே பாலம். அங்கே ஏது கரும்புச்சாறு கடை?

நான் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு வருகிறேன். தப்பாக நினைத்துக்கொள்ளாதீர்கள்.

சார், தூங்கிவிட்டீர்களா? ஒரு சின்னச் சந்தேகம். ஆணையர் அறவாழி தொடர் முழுக்கச் சேர்த்தால் எவ்வளவு நேரம் வருவார்? அவ்வளவுதானா? நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்தக் கொஞ்ச நேரத்துக்காகவா பொங்கல் லீவு முழுக்க என் பின்னால் போனைத் தூக்கிக்கொண்டு திரிந்திருப்பாள்.

ம்.

தாம்பரம் எப்போது போயிற்று? நான் கவனிக்கவே இல்லை. இன்னொரு தடவை அந்தக் காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுதுவதற்கு இல்லை. சும்மா உட்கார்ந்து பார்த்தேன். அவன் தோளைத் திருத்துகிறானே, அப்போது அவன் கண்ணை நன்றாக வரைந்திருக்கிறாள். பயந்துபோயிருக்கிறான் சார் அவன். பாலம் போய்விடுமோ என்று இல்லை. அவள் மேல் விழுந்துவிடுமோ என்று. மூன்று சுற்று பார்த்தேன், எனக்கு அது தெரியவில்லை. இவ்வளவு தெரிந்த பெண்ணா எதிரில் நின்று, "ஏதாவது குறை சொல்லுங்கப்பா" என்று கேட்டாள்?

எழும்பூர் வந்துவிட்டது. உங்கள் பையை எடுத்துக்கொண்டீர்களா? நான் இப்படி வாசல் பக்கம் வந்து நிற்கிறேன். அதோ, பச்சை சுரிதார், அவள்தான். அதோ கையை ஆட்டுகிறாள். டி ஏழு எங்கே வந்து நிற்கும் என்று யாரையாவது கேட்டிருக்கலாம் இல்லையா? பாருங்கள், எவ்வளவு தூரம் தள்ளிப் போய் நிற்கிறாள். இன்னும் பத்தடி முன்னால் வந்திருந்தால்...

இல்லை. இல்லை சார். நல்ல இடத்தில்தான் நிற்கிறாள்.